மேலே சிஸ்டம், கீழே பிளேஸ்டேஷன்

திருவல்லிக்கேணியில், பெரிய தெருவிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் அந்தக் கடை இருந்தது. பெயர்ப்பலகையில் பிரவுசிங், பிரின்ட் அவுட், ஜெராக்ஸ் என்று எழுதியிருக்கும். உள்ளே நடந்ததெல்லாம் விளையாட்டுதான். கீழ்த்தளத்தில் சுவரோரமாக நாலு டிவி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பிளேஸ்டேஷன் 2. பின்பக்கம் செங்குத்தான இரும்புப் படி. அதில் ஏறினால் தகரக் கூரைக்குக் கீழே ஒரு டஜன் கம்ப்யூட்டர்கள். விளையாடுவதற்குக் கன்சோல் மேலா, கம்ப்யூட்டர் மேலா என்ற வழக்கு உலகமெங்கும் இன்றுவரை தீராமல் நடக்கிறது. எங்கள் பேட்டையில் அந்த வழக்குக்கு அந்த இரும்புப் படிதான் எல்லை. தெருவில் ஒருவன் எதிர்ப்பட்டால் "கீழயா, மேலயா?" என்று கேட்போம். பதிலை வைத்தே அவன் எந்தக் கட்சி என்று தெரிந்துவிடும். நான் இரண்டு தளத்திலும் வளர்ந்தவன். இரண்டுக்கும் கடன்பட்டவன்.

கடையை நடத்தியவர்கள் அண்ணன் தம்பி இருவர். மூத்தவரை எல்லோரும் பாய் என்போம். இளையவரைச் சின்ன பாய். பூர்விகம் ராமநாதபுரம் பக்கம் என்றாலும், தாத்தா காலத்திலிருந்து அவர்கள் ரங்கூன்காரர்கள். 1962-இல் பர்மாவில் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்து, கடை கண்ணியெல்லாம் அரசுடைமையானபோது, தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த தமிழர்கள் கையில் கிடைத்ததோடு கப்பலேறி வந்தார்கள். அப்படி வந்தவர்களின் பிழைப்புக்காக 1969-இல் உருவானதுதான் பாரிமுனை அருகே ராஜாஜி சாலையோரம் நீளும் பர்மா பஜார். பாயின் அப்பாவுக்கு அங்கே ஒரு சின்னக் கடை. கீழ்த்தளத்துப் பிளேஸ்டேஷன்கள் அந்த வழியாக வந்தவை. சின்ன பாய்க்கு வேறு ஊற்று. வாலாஜா சாலை வழியாக நடந்து மவுன்ட் ரோட்டைக் கடந்து கேசினோ தியேட்டர் பக்கம் போனால் ரிச்சி ஸ்ட்ரீட். மேல்தளம் முழுக்க அங்கே வாங்கியது.

அந்த இரண்டு பஜாரின் குணமும் அந்த இரண்டு தளங்களில் அப்படியே இருந்தது. பர்மா பஜாரில் பொருள் முழுசாக வரும். வாக்மேன், கேமரா, செண்ட் பாட்டில், வீடியோ கேம் எல்லாமே அட்டைப்பெட்டியில் அடைத்து, வேறொரு நாட்டில் செய்து முடித்து வந்தவை. விலை பேசி வாங்கலாம், வீட்டுக்குக் கொண்டுபோய் ஓட்டலாம். அதற்குள் என்ன இருக்கிறது என்று யாரும் விளக்க மாட்டார்கள். ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் அதை ஒட்டிய நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெருவிலும் பொருள் உதிரியாக வரும். ஒரு கடையில் மதர்போர்டு, எதிர்க்கடையில் ராம், மாடியில் ஹார்ட் டிஸ்க், சந்துக்குள் கேபினெட். எதனோடு எது சேரும் என்று கேட்டுக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். கன்சோலுக்கும் கம்ப்யூட்டருக்கும் உள்ள வித்தியாசத்தைப் பின்னாளில் எத்தனையோ கட்டுரைகளில் படித்தேன். அடிப்படையை எனக்கு முதலில் சொன்னவை அந்த இரண்டு தெருக்கள்தான்.

பிளேஸ்டேஷனுக்கு முன்னால் பாயிடம் டிவி கேம் இருந்தது. ஜப்பானில் 1983-இல் நின்டெண்டோ வெளியிட்ட ஃபேமிகாமின் நகல்கள் அவை. ஆசியா முழுவதும் நூறு பெயர்களில் விற்றன. அதன் பிராசஸர் 1.79 மெகாஹெர்ட்ஸ் வேகம். வேலை செய்யும் நினைவகம் வெறும் 2 கே.பி. அந்த 2 கே.பி.யில்தான் மரியோ ஓடினான், கான்ட்ராவில் இரண்டு பேர் தோளோடு தோள் நின்று சுட்டார்கள். ஒயரை டிவியின் ஆன்டெனா துளையில் செருகி, சேனலைத் திருகித் திருகிப் படத்தைப் பிடிக்க வேண்டும். கேசட் ஓடாவிட்டால் உருவி ஊதி மறுபடி செருகுவோம். ஓடியதற்குக் காரணம் ஊதியது அல்ல, மறுபடி செருகும்போது உலோகக் கால்கள் சரியாகப் பொருந்தியதுதான். ஆனாலும் ஊதாமல் செருகியவனை நான் பார்த்ததில்லை. வாத்து சுடும் ஆட்டத்துக்கு ஒரு பிளாஸ்டிக் துப்பாக்கி வரும். விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருக்கும் இடம் மட்டும் வெள்ளைக் கட்டமாக மின்னும். துப்பாக்கி முனையில் உள்ள ஒளி உணரி அந்த வெளிச்சத்தைக் கண்டால் வாத்து விழும். பழைய குழாய் டிவியின் மின்னல் வேகத்தை நம்பி அமைத்த ஏற்பாடு அது. அதனால் இன்றைய தட்டை டிவியில் அந்தத் துப்பாக்கி வேலை செய்வதில்லை.

பிளேஸ்டேஷன் 2 வந்தபோது கீழ்த்தளத்தின் முகமே மாறியது. சோனி அதை ஜப்பானில் 2000 மார்ச்சில் வெளியிட்டது. அது விற்றுத் தீர்ந்த அளவு சுமார் 16 கோடி. பல வருடங்களாக உலகிலேயே மிக அதிகம் விற்ற கன்சோல் அதுதான். கீழ்த்தளத்தின் சட்டம் ஒன்றுதான்: ஜெயித்தவன் உட்கார்ந்திருப்பான், தோற்றவன் ஜாய்ஸ்டிக்கைக் கைமாற்றிவிட்டு எழுந்திருப்பான். டெக்கன் 5, வின்னிங் லெவன், மல்யுத்தத்துக்கு ஸ்மாக்டவுன் ஹியர் கம்ஸ் தி பெயின். ஆடுகிறவர்கள் இரண்டு பேர் என்றால் பின்னால் நிற்கிறவர்கள் எட்டுப் பேர். கேரம் போர்டைச் சுற்றி நிற்கிற கூட்டத்தைப் போல எல்லோருக்கும் ஆட்டத்தில் பங்கு உண்டு. "டேய், பிளாக் பண்ணு, பிளாக் பண்ணு", "அவன் கால்லயே அடிக்கிறான் பாரு, குதி" என்று எட்டு வாயும் பேசும். மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டு வரும் மேன்ஷன் அண்ணன்கள், ஏழாம் வகுப்புப் பையன்கள், ஆட்டோ ஓட்டுகிறவர் என்று யார் வேண்டுமானாலும் அடுத்த நாற்காலிக்காரர் ஆகலாம். எதிரில் உட்கார்ந்திருப்பவரின் வயதோ வேலையோ அங்கே செல்லாது.

அந்தத் தோழமைக்குக் காரணம் அந்த ஒற்றைத் திரை. ஒரே திரையில் இரண்டு பேர் ஆடும்போது எதையும் மறைக்க முடியாது. எதிராளி பார்ப்பதைத்தான் நானும் பார்க்கிறேன். நான் செய்யப்போவதை அவனும் பார்க்கிறான். அதனால் கன்சோலில் செழித்த ஆட்டங்கள் வெட்டவெளி ஆட்டங்கள்: சண்டை, கால்பந்து, கார்ப் பந்தயம். தோற்றால் ஏன் தோற்றோம் என்று கூடியிருந்த எல்லோருக்கும் தெரியும். சாக்குச் சொல்ல வழியில்லை. எல்லார் கையிலும் ஒரே ஜாய்ஸ்டிக், எல்லார் முன்னாலும் ஒரே பெட்டி. வசதியான வீட்டுப் பையனுக்கு வேகமான பிளேஸ்டேஷன் என்று ஒன்று கிடையாது. அந்தச் சமத்துவத்தைக் கன்சோலின் முதல் சிறப்பாக நான் வைப்பேன்.

இரண்டாவது சிறப்பு, இருப்பதை வைத்துக்கொண்டு அது செய்து காட்டிய வித்தை. பிளேஸ்டேஷன் 2-இல் இருந்த நினைவகம் 32 எம்.பி. அதற்குள் 2004-இல் ஜி.டி.ஏ. சான் ஆன்ட்ரியாஸ் வந்தது. மூன்று நகரம், நடுவே மலை, பாலைவனம், எல்லாம் ஒரே உலகம். அதே ஆட்டம் மறு வருடம் கம்ப்யூட்டருக்கு வந்தபோது, குறைந்தது 256 எம்.பி. ராம் வேண்டும் என்று டப்பாவில் போட்டிருந்தது. கம்ப்யூட்டர் ஒரு பெரிய இயங்குதளத்தையும் சுமந்துகொண்டு ஆட்டத்தையும் ஓட்ட வேண்டும். அங்கே ஒவ்வொருவர் மெஷினும் ஒவ்வொரு மாதிரி. கன்சோலில் அந்தச் சுமை இல்லை. உலகத்தில் உள்ள கோடிக்கணக்கான பெட்டிகளும் ஒன்றுபோல் இருப்பதால், நிரல் எழுதுகிறவர் கடைசி பைட்டு வரை கணக்குப் போட்டு எழுதலாம். டிஸ்க்கைப் போட்டால் ஆட்டம் வரும். அதற்கு மேல் நாங்கள் எதுவும் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

பிளேஸ்டேஷன் சொந்தமாக இல்லாத பையன்களின் பாக்கெட்டிலும் 8 எம்.பி. மெமரி கார்டு ஒன்று இருந்தது. தீப்பெட்டி அளவு. சான் ஆன்ட்ரியாஸில் பாதி வழி, காட் ஆஃப் வாரில் முக்கால் வழி என்று அவரவர் கதை அதற்குள் இருக்கும். வந்து செருகினால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மெஷின் பாயுடையது, பயணம் எங்களுடையது.

மேலே ஏறினால் காற்றே வேறு. ஃபேன் சத்தம், கீபோர்டு சத்தம், தகரத்தின் சூடு. ஒவ்வொருவனுக்கும் தனித் திரை, தனி மூலை. சின்ன பாய் பேண்ட் பாக்கெட்டில் எப்போதும் ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் வைத்திருப்பார். ஒரு சிஸ்டம் ஹேங் ஆனால் பக்கத் தகட்டைக் கழற்றி, ராமை உருவி, அதன் தங்கக் கால்களை ரப்பரால் தேய்த்து மறுபடி போடுவார். பார்த்துக்கொண்டு நின்றால் ஸ்க்ரூவைக் கையில் கொடுத்து, "நீயே மாட்டுடா தம்பி" என்பார். மவுஸ் குண்டைக் கழற்றி உள்ளே சுற்றியிருக்கும் அழுக்கை நகத்தால் சுரண்டவும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். கம்ப்யூட்டர் எங்களை முதலில் மெக்கானிக் ஆக்கியது. விளையாட்டுக்காரன் ஆனது அதற்குப் பிறகு.

அந்தப் படிப்பு எளிதாக வரவில்லை. 2003-இல் பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா: தி சாண்ட்ஸ் ஆஃப் டைம் வெளியானது. காலத்தைப் பின்னோக்கித் திருப்புகிற இளவரசன். கீழே டிஸ்க்கைப் போட்டு ஆட ஆரம்பித்துவிட்டார்கள். மேலே இருந்த சிஸ்டங்களில் பாதிக்கு ஜீஃபோர்ஸ் 4 எம்.எக்ஸ். கார்டு. ஆட்டம் திறக்கவே இல்லை. அதற்கு முந்தைய ஜீஃபோர்ஸ் 3-இல் ஓடுகிற ஆட்டம், நம்பர் கூடிய கார்டில் ஏன் ஓடவில்லை? எம்.எக்ஸ். என்பது விலை குறைத்துச் செய்த வகை. ஒளியையும் நிழலையும் நிரல் எழுதி ஆட்டுவிக்கும் ஷேடர் என்ற பகுதி அதில் முழுமையாக இல்லை, இந்த ஆட்டமோ அதைக் கட்டாயம் கேட்டது. சின்ன பாய் இதை விசாரித்துத் தெரிந்துகொண்டு வந்து, பையன்களைச் சுற்றி நிற்கவைத்து விளக்கினார். பிறகு ஜன்னலோர சிஸ்டத்துக்கு மட்டும் ரிச்சி ஸ்ட்ரீட்டிலிருந்து ஒரு 6600 ஜி.டி. வாங்கிப் போட்டார். அந்த நாற்காலிக்குக் கடை மூடும்வரை வரிசை நின்றது. பெயரில் உள்ள எண்ணைப் பார்த்துப் பொருளை எடைபோடக் கூடாது, அது என்ன செய்யும் என்று கேட்க வேண்டும் என்பதை நான் அந்தக் கார்டிடம்தான் கற்றேன்.

மேல்தளத்தின் மூலவர் கவுன்டர்-ஸ்ட்ரைக் 1.6 என்ற துப்பாக்கி ஆட்டம். ஆறு பேர் இந்தப் பக்கம், ஆறு பேர் அந்தப் பக்கம். லேன் கேபிளில் எல்லா சிஸ்டமும் கோத்திருக்கும். பெரும்பாலும் டஸ்ட் 2 என்ற களம். அந்த மணல் நிறச் சுவர்களும் மரக் கதவுகளும் நீளமான சந்தும் எனக்குப் பெரிய தெரு அளவுக்குப் பழக்கம். முதல் சுற்றில் ஒவ்வொருவருக்கும் 800 டாலர். ஏ.கே. 47-க்கு 2,500 வேண்டும், ஸ்னைப்பருக்கு 4,750. தோற்ற அணி ஒரு சுற்று கைத்துப்பாக்கியோடு சமாளித்துக் காசு சேர்க்கும். யார் வாங்குவது, யார் விட்டுக்கொடுப்பது என்று தகரக் கூரை அதிரப் பேசி முடிவெடுப்போம். இந்த ஆட்டம் மேலேயே நின்றதற்குக் காரணம் தனித்தனித் திரை மட்டுமல்ல, மவுஸும்தான். மவுஸ் கையின் இடத்தை அப்படியே திரைக்குக் கொண்டுபோகிறது: இவ்வளவு நகர்த்தினால் குறி இவ்வளவு நகரும். ஜாய்ஸ்டிக்கின் குமிழ் திசையையும் வேகத்தையும்தான் சொல்லும். குறி அந்தப் பக்கம் ஓடிக்கொண்டே இருக்கும், சரியான இடத்தில் நிறுத்துவது நம் பாடு. அதனால்தான் கன்சோல் துப்பாக்கி ஆட்டங்களில் குறியை எதிரிப் பக்கம் மெல்ல இழுத்துக்கொடுக்கும் உதவி ஒன்றை உள்ளே வைக்கிறார்கள். அதே குமிழ், வண்டியை வளைவில் கொஞ்சமாகத் திருப்புவதற்கும் பந்தை அளந்து தட்டுவதற்கும் மவுஸைவிடப் பல மடங்கு மேல். கைக்கு எது பொருந்துமோ ஆட்டம் அந்தப் பக்கம் போகிறது.

கவுன்டர்-ஸ்ட்ரைக் பிறந்த கதை தெரிந்தபோது எனக்குக் கம்ப்யூட்டர் மீது தனி மரியாதை வந்தது. அதை எந்த நிறுவனமும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. வால்வ் நிறுவனம் 1998-இல் ஹாஃப்-லைஃப் வெளியிட்டு, அதை மாற்றியமைக்கும் கருவிகளையும் கொடுத்தது. மின் லீ, ஜெஸ் கிளிஃப் என்ற இரண்டு இளைஞர்கள் மறு வருடமே அதன்மேல் கவுன்டர்-ஸ்ட்ரைக்கைக் கட்டி இலவசமாக விட்டார்கள். பிறகுதான் வால்வ் அதை வாங்கி, அவர்களையும் வேலைக்கு எடுத்துக்கொண்டது. வார்கிராஃப்ட் 3-உடன் வந்த வரைபடக் கருவியிலிருந்து டோட்டா பிறந்ததும் இப்படித்தான். ஆடுகிறவன் ஆக்குகிறவனாக மாறும் கதவு கம்ப்யூட்டரில் திறந்திருந்தது. இதை நான் கம்ப்யூட்டரின் முதல் சிறப்பாக வைப்பேன்.

அந்தக் கதவு எங்களுக்குத் திறந்தது கிரிக்கெட்டால். ஈ.ஏ. ஸ்போர்ட்ஸின் கிரிக்கெட் 07 இரண்டு தளத்திலும் ஓடியது. அதில் ஆஸ்திரேலியா, இங்கிலாந்து போன்ற சில அணிகளுக்குத்தான் முறையான உரிமம். நம் வீரர்களின் பெயர்கள் மாற்றி எழுதியிருக்கும். அதற்குப் பிறகு அந்த நிறுவனம் கம்ப்யூட்டருக்கோ கன்சோலுக்கோ கிரிக்கெட் ஆட்டமே வெளியிடவில்லை. 2008-இல் ஐ.பி.எல். வந்தது. கீழே ஓடிய டிஸ்க்கில் காலம் 2006-லேயே நின்றுவிட்டது. மேலே, ரசிகர்கள் எழுதிய பேட்ச் ஒன்றைச் சின்ன பாய் இறக்கிப் போட்டார். பெயர்கள் சரியாயின, சென்னை அணி மஞ்சள் சட்டையில் வந்து நின்றது. தோனி மஞ்சளில் பேட்டைத் தூக்கிக்கொண்டு இறங்கியபோது மாடியில் எழுந்த விசிலைக் கேட்டுக் கீழ்த்தளத்துக் கூட்டம் மொத்தமாகப் படியேறி வந்தது. பிறகு ஒவ்வொரு சீசனுக்கும் புது அணி, புதுச் சட்டை. எங்களில் ஒருவன் சட்டையின் படக்கோப்பைத் திறந்து, நிறம் மாற்றி, எங்கள் தெரு அணிக்கே ஒரு ஜெர்சி போட்டான். அவன் இன்று டிசைனராக இருக்கிறான்.

மூடிய பெட்டியையும் சென்னை விட்டுவைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பர்மா பஜாரில் விற்ற டிஸ்க்குகள் நகல்கள். அவற்றை ஓட்டப் பிளேஸ்டேஷனைப் பிரித்து மோட் சிப் என்ற சில்லைப் பற்றவைக்க வேண்டும். ரோமம் போன்ற ஒயர்களை லென்ஸ் வைத்து ஈயப் பற்று வைக்கிற கை அந்த வட்டாரத்தில் நிறைய இருந்தது. ஆட்டத்தை உருவாக்கியவர்களுக்கு அந்தக் காசில் ஒரு பைசாவும் போய்ச் சேரவில்லை. அது நியாயமே இல்லை. அந்தக் கைகளின் திறமை மட்டும் உண்மை.

கடை ஒரே நாளில் மூடவில்லை. திரை மெல்ல மெல்ல வீட்டுக்குள் போனது. 2006-இல் தொடங்கிய அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் 14 அங்குல டிவி வீடுகளுக்கு வந்தது. டிவி கேமைச் செருக வீட்டிலேயே இடம் கிடைத்தது. 2011-இல் மாணவர்களுக்கு விலையில்லா லேப்டாப் வந்தது. ஜி.டி.ஏ. வைஸ் சிட்டியும் கிரிக்கெட் 07-ம் பென் டிரைவில் வகுப்பு வகுப்பாகப் பரவின. 2016-க்குப் பிறகு இணையம் மலிந்து, விளையாட்டு மொத்தமும் போனுக்கு மாறியது. முதலில் சின்ன பாய் மேல்தளத்தைக் காலிசெய்தார். சில வருடம் கழித்து பாயும் கீழ்த்தளத்தை வாடகைக்கு விட்டார்.

இப்போது பழைய வழக்கின் இரண்டு கட்சிகளும் ஒன்றையொன்று நெருங்கிவிட்டன. 2013-இல் வந்த பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் இரண்டிலும் கம்ப்யூட்டர் வகையைச் சேர்ந்த ஏ.எம்.டி. சில்லுகள்தான். சோனி தன் பெட்டிக்கென்றே காத்துவைத்திருந்த காட் ஆஃப் வார் வரிசையின் ஆட்டம் ஒன்றை 2022-இல் கம்ப்யூட்டருக்கும் கொடுத்துவிட்டது. பிளேஸ்டேஷன் 5-இன் மூடியைக் கழற்றி, ஸ்க்ரூடிரைவரால் நாமே கூடுதல் சேமிப்பகம் மாட்டலாம். கணக்குப் பார்த்தாலும் தராசு சமமாக ஆடுகிறது. 2021-இல் பிளேஸ்டேஷன் 5 இந்தியாவுக்கு வந்தபோது விலை 49,990 ரூபாய். அப்போது நல்ல கிராபிக்ஸ் கார்டு ஒன்றே அந்தத் தொகையைத் தாண்டியது. ஆனால் கன்சோலுக்கு வந்த பெரிய ஆட்டம் ஒன்று அப்போது 4,999 ரூபாய். பெரும்பாலான ஆட்டங்களை இணையத்தில் சேர்ந்து ஆடச் சந்தா கட்ட வேண்டும். கம்ப்யூட்டரில் அந்தச் சந்தா இல்லை, தள்ளுபடி அதிகம், பத்து வருடப் பழைய ஆட்டமும் ஓடும், அதே மெஷினில் பிள்ளை படிக்கவும் செய்யலாம்.

உறவுக்காரர்கள் என்னிடம், "பையன் கேட்கிறான், எதை வாங்கித் தரலாம்?" என்று கேட்கிறார்கள். திரையின் தெளிவையும் சில்லின் வேகத்தையும் நான் பேசுவதில்லை. இரண்டும் வருடா வருடம் மாறும். கன்சோல் வாங்கினால் ஜாய்ஸ்டிக் இரண்டாக வாங்குங்கள், அதை ஹாலில் வையுங்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை உள்ளே விடுங்கள் என்கிறேன். அடுத்தவன் பக்கத்தில் உட்கார்ந்து ஜெயிக்கவும் தோற்கவும் கற்பதுதான் அந்தப் பெட்டி தரக்கூடிய பெரிய செல்வம். அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு ஆடினால் அதில் பாதி போய்விடும். கம்ப்யூட்டர் வாங்கினால் தயார் மெஷினாக வேண்டாம். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ரிச்சி ஸ்ட்ரீட் போங்கள், கடை கடையாக அவனையே கேட்கவிடுங்கள், பாகங்களை வாங்கிவந்து அவன் கையாலேயே மாட்டச் சொல்லுங்கள். மகளாக இருந்தால் மகள் கையால். முதல் நாள் ஓடாது. ஏன் ஓடவில்லை என்று அந்தப் பிள்ளை தேடத் தொடங்குகிற இடத்தில், கொடுத்த காசு அத்தனையும் திரும்பி வந்துவிடும்.